அசல் பழைய வண்டியா, அசல் போல வண்டியா? ‘கிளாசிக்’ மோகமும் சட்டச் சிக்கலும்: ஒரு விளக்கம்

மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இருந்து தினமும் புத்தம் புதிய கார்களும் பைக்குகளும் லாரியேறிப் போகின்றன. அவற்றில் ஒரு பகுதி, ‘பார்த்தால் பழசு மாதிரி இருக்கணும்’ என்றே வடிவமைக்கப்பட்டவை. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். இன்னொரு பக்கம், நிஜமாகவே பழைய வண்டிகளைத் தேடி அலைகிறவர்களும் இருக்கிறார்கள்.

இவை இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சந்தை இருக்கிறது. பழைய மாடலைப் பார்த்துப் புதிதாகச் செய்த நகல் வண்டிகளும், பழைய ஆர்.சி. புக்கை வைத்துக்கொண்டு வேறு பாகங்களால் கட்டி எழுப்பிய வண்டிகளும் அங்கே கைமாறுகின்றன. வாங்கியவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் சிக்கல் தெரியவருகிறது.

எது அசல், எது நகல், நகல் செய்வது குற்றமா, சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

‘பழைய வண்டி’ என்று விற்பவை எத்தனை வகை?

நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, அசல் பழைய வண்டி. தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இருந்த சேசிஸ், இன்ஜின், பாடி எல்லாம் அப்படியே இருக்கும். பெயின்ட் புதிதாக அடித்திருக்கலாம், டயர் மாற்றியிருக்கலாம். ஆனால் வண்டியின் அடையாளம் மாறியிருக்காது.

இரண்டாவது, பழைய தோற்றத்தில் கம்பெனியே தயாரிக்கும் புது வண்டி. கிளாசிக் 350 இந்த வகை. தோற்றம் 1950-களுடையது; இன்ஜின், பிரேக், புகை அளவு எல்லாம் இன்றைய விதிப்படி இருக்கும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஷோரூமில் புது வண்டி என்றே விற்கிறார்கள்.

மூன்றாவது, நகல். வேறு ஒரு காரின் அல்லது ஜீப்பின் சேசிஸ் மேல், பழைய கார் மாதிரி புதிதாக பாடி கட்டுவது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வரும் ‘வின்டேஜ்’ கார்களில் இந்த ரகம் உண்டு. ஃபைபர் பாடியோ தகரப் பாடியோ, பட்டறைக்காரரின் கைவேலை அதில் இருக்கும்.

நான்காவது, ஒட்டுப் போட்ட வண்டி. ஆர்.சி. புக் 1970-களுடையது. இன்ஜின் ஒரு வண்டியில் இருந்து, சேசிஸ் இன்னொரு வண்டியில் இருந்து, மற்றதெல்லாம் புதிதாகச் செய்தது. ஆனால் விற்கும்போது ‘முழு ஒரிஜினல்’ என்று சொல்லப்படும். ஆபத்து இந்த நான்காவது வகையில்தான்.

புல்லட்: நகலாகத் தொடங்கி அசலான கதை

‘அசல்’ என்ற சொல் நாம் நினைப்பது போல அவ்வளவு எளிதானதில்லை என்பதற்கு நம் ஊர் புல்லட்டே சாட்சி.

புல்லட்டின் பிறப்பிடம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவத்துக்காக 800 புல்லட்டுகள் ஆர்டர் செய்யப்பட்டன. அதைத் தொடர்ந்து, ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் ‘என்ஃபீல்டு இந்தியா’வைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை வந்தது. முதலில் இங்கிலாந்தில் இருந்து பாகங்களாக வந்ததை இங்கே பூட்டினார்கள். 1956-ம் ஆண்டு முடிவதற்குள் இப்படித் தயாரான புல்லட்டுகள் 163. பிறகு படிப்படியாகப் பாகங்களும் இங்கேயே தயாராகின.

1970-களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் தாய் நிறுவனத்தின் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூர் ஆலை மட்டும் புல்லட்டைச் செய்துகொண்டே இருந்தது. 1977-ல் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இங்கிருந்தே ஏற்றுமதி தொடங்கியது. அதாவது, அசலைப் பெற்ற ஊருக்கே ‘நகல்’ திரும்பிப் போனது.

அதன் பிறகு அதை யாரும் நகல் என்று சொல்வதில்லை. காரணம், முறையான லைசென்ஸ், விட்டுப்போகாத உற்பத்தி, ஒவ்வொரு வண்டிக்கும் ஆலையிலேயே பொறித்த எண். ரெட்டிச்சில் இருந்து திருவொற்றியூருக்கும், 1994-ல் ஐஷர் நிறுவனம் எடுத்த பிறகு 2013-ல் ஒரகடத்துக்கும், அடுத்து வல்லம் வடகாலுக்கும் அந்தச் சங்கிலி அறுபடாமல் வந்திருக்கிறது. ஒரு வண்டி அசலா என்று கேட்கும்போது உண்மையில் நாம் கேட்பது இந்தச் சங்கிலியைப் பற்றித்தான். வண்டியின் பளபளப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மறைமலை நகரில் மஸ்டாங் தயாரானதா?

இல்லை. ஃபோர்டு ஆலை இருந்ததால் பலருக்கு இந்தச் சந்தேகம் வருகிறது. மறைமலை நகர் ஆலையில் ஐகான், ஃபியஸ்டா, ஃபிகோ, ஈகோஸ்போர்ட், எண்டவர் போன்ற கார்கள்தான் தயாராகின. மஸ்டாங் 2016-ல் இந்தியாவுக்கு வந்தபோது முழு காராகவே இறக்குமதி செய்யப்பட்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இப்போது அதே ஆலையை இன்ஜின் உற்பத்திக்காக மீண்டும் திறக்க, 2025 அக்டோபரில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது.

ஆக, 1964-ல் அமெரிக்காவில் அறிமுகமான அந்த முதல் தலைமுறை மஸ்டாங்கை நம் ஊர்ச் சாலையில் பார்த்தால் இரண்டு சாத்தியம்தான். ஒன்று, வெளிநாட்டில் இருந்து முறையாக வந்த அசல். இன்னொன்று, இங்கே ஏதோ ஒரு பட்டறையில் வேறு காரின் மேல் மஸ்டாங் தோற்றத்தைப் போர்த்தியது.

அசல் வருவதற்கான கதவு 2025-ல் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. முன்பு 1950-க்கு முன் தயாரான கார்களைத்தான் வின்டேஜ் என்ற வகையில் இறக்குமதி செய்ய முடிந்தது. இப்போது 50 வயது கடந்த வண்டி என்பதே அளவுகோல். 1960-களின் ‘மஸில் கார்’கள் எல்லாமே இந்த வரம்புக்குள் வந்துவிட்டன. ஆனால் கார் விலை, கப்பல் செலவு, சுங்க வரி எல்லாம் சேர்ந்தால் அது பெரும் பணக்காரர்களுக்கே கட்டுப்படியாகும். மற்றவர்களின் ஆசைக்குத் தீனி போடுவது நகல்தான்.

நம் சட்டம் எதை ‘வின்டேஜ்’ என்கிறது?

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கென்று தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. அதன்படி, முதல் பதிவில் இருந்து 50 ஆண்டு நிறைந்த, வணிகத்துக்குப் பயன்படுத்தாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனம்தான் வின்டேஜ். வயது மட்டும் போதாது. அசல் வடிவில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. மாநில அளவில் அமைக்கப்படும் குழு வண்டியைப் பார்த்து முடிவு சொல்லும்.

புதிதாகப் பதிவு செய்தால் மாநிலக் குறியீட்டுக்குப் பிறகு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு எண் கிடைக்கும். கட்டணம் ரூ.20,000. பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு ரூ.5,000. ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி என்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ‘எம்.எஸ்.’ என்று தொடங்கும் பழைய சென்னை நம்பரோடு ஒரு வண்டி கிடைத்தால் பிரியர்கள் துள்ளிக் குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுப்பாடுகளும் உண்டு. இந்த வண்டியைத் தினமும் ஆபீஸ் போக ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வாடகைக்கு விடுவது வணிகம் என்பதால் அதற்கும் இடமில்லை. ‘வி.ஏ.’ எண் போட்ட கார் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு வந்தால் அது விதிமீறல்.

15 வயதுக்கும் 50 வயதுக்கும் நடுவில்?

இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான பழைய வண்டிகள் இருக்கின்றன. 1985-ல் வாங்கிய, வலது காலில் கியர் போடும் புல்லட் நம் கண்ணுக்குக் கிளாசிக். சட்டத்தின் கண்ணுக்கு வெறும் பழைய வண்டி. 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

2025 ஆகஸ்டில், 20 வயது கடந்த வண்டிகளுக்கான புதுப்பித்தல் கட்டணத்தை மத்திய அரசு உயர்த்தியது. பைக்குக்கு ரூ.2,000, காருக்கு ரூ.10,000. முறையாக வைத்திருப்பவருக்கு இது கூடுதல் செலவு. 50 வயதை நெருங்கும் வண்டிக்கோ நிலைமை தலைகீழ். அந்தக் கோட்டைத் தாண்டினால் மதிப்பு கூடும். 1975-ல் பதிவான வண்டி 2025-ல் தாண்டிவிட்டது; ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஒரு தொகுப்பு தாண்டும்.

வண்டி எப்போதோ கடைசல் போனாலும் பழைய ஆர்.சி. புக்குக்குத் தனியாக ஒரு விலை உண்டாவது இதனால்தான். வெறும் காகிதத்துக்கு விலை வந்துவிட்டால், அதற்கு ஏற்ற மாதிரி ஒரு வண்டியைக் ‘கட்டுகிற’ ஆசையும் கூடவே வந்துவிடும்.

நகல் செய்வது குற்றமா?

தோட்டத்தில் நிறுத்தவோ சினிமா ஷூட்டிங்குக்கோ ஒரு மாதிரி காரைச் செய்வதில் மோட்டார் வாகனச் சட்டம் தலையிடாது. சாலைக்கு வரும்போதுதான் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளா தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆர்.சி.யில் உள்ள அடிப்படை விவரங்களோடு முரண்படும்படி வண்டியின் அமைப்பை மாற்றினால் அதைப் பதிவு செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சரி, பழைய வண்டியை மாற்றாமல், முழுக்கப் புதிதாகவே ஒரு நகல் காரைச் செய்து பதிவு செய்யலாமா? அதற்கு அந்த மாடலையே அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும். பிரேக், விளக்கு, புகை, மோதல் பாதுகாப்பு என்று பட்டியல் நீளும். பல லட்சம் கார் செய்யும் கம்பெனிக்கு அந்தச் செலவு கணக்கில் கரைந்துவிடும். வருடத்துக்கு நான்கு கார் செய்யும் பட்டறைக்காரரால் தாங்க முடியாது. ‘நகல் கிளாசிக்’ என்று தனி வகையும் நம் விதிகளில் இல்லை.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. அசலுக்கு 2021-ல் ஒரு பெயரும் ஒரு நம்பர் பிளேட்டும் கிடைத்துவிட்டன. நகலுக்கு எந்தப் பெயரும் இல்லை. ‘இது நகல்தான்’ என்று நேர்மையாகச் சொல்லிப் பதிவு செய்ய வழியில்லாததால், அது அசலின் காகிதத்துக்குள் புகுந்துகொள்கிறது.

தோற்றம் யாருக்குச் சொந்தம்?

நகலில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஒரு வண்டியின் முகத்தையே அதைத் தயாரித்த கம்பெனி தன் சொத்தாகக் கோர முடியும்.

மறைமலை நகருக்குப் பக்கத்தில், மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கும் மஹிந்திரா நிறுவனத்துக்கே இந்த அனுபவம் உண்டு. 1940-களின் இறுதியில் இருந்து வில்லிஸ் ஜீப்பை முறைப்படி இங்கே பூட்டி, பிறகு தானே தயாரித்துப் பெயர் எடுத்த நிறுவனம் அது. அந்த வழிவந்த ‘ராக்ஸர்’ வண்டியை 2018-ல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. ஜீப் பிராண்டை வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் வழக்குத் தொடுத்தது. ஜீப்பின் தோற்ற உரிமையை ராக்ஸர் மீறுகிறது என்று 2020-ல் அமெரிக்கச் சர்வதேச வர்த்தக ஆணையம் முடிவு செய்தது. மஹிந்திரா முகப்பை மாற்றியது. அதன் பிறகும் வழக்கு நீண்டது.

இதற்கு நேர்மாறான முடிவும் உண்டு. ஹாலிவுட் படத்தால் புகழ்பெற்ற ‘எலினார்’ மஸ்டாங்கின் தோற்றத்துக்குக் காப்புரிமை கோரிய வழக்கில், அந்தக் கார் ஒரு கதாபாத்திரம் ஆகாது, எனவே காப்புரிமை இல்லை என்று 2025 மே மாதம் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, ‘பழைய டிசைன்தானே, யார் கேட்பார்கள்?’ என்று எல்லா நேரத்திலும் இருந்துவிட முடியாது.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்கா 2015-ல் சட்டம் போட்டு நகலுக்கு ஒரு தனி வாசல் திறந்தது. குறைந்தது 25 ஆண்டு பழைய மாடலின் நகலை, ஒரு சிறு தயாரிப்பாளர் வருடத்துக்கு 325 வரை செய்து விற்கலாம். புதிய கார்களுக்கான பல பாதுகாப்பு விதிகளில் இருந்து விலக்கு உண்டு. ஆனால் இன்ஜின் இன்றைய புகை விதிக்கு உட்பட வேண்டும். நகல் என்பதையும் மறைக்க முடியாது. விதிகள் வெளிவரச் சில ஆண்டுகள் தாமதமானாலும், கொள்கை தெளிவாக இருந்தது: செய், விற்றுக்கொள், ஆனால் பெயரைச் சொல்லி விற்றுக்கொள்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. மாற்றிக் கட்டிய வண்டி பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாமா என்பதற்கு அங்கே நீண்ட காலம் மதிப்பெண் முறை இருந்தது. அசல் சேசிஸ் இருந்தால் 5 மதிப்பெண். சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இன்ஜினுக்கு 1 மட்டும். மொத்தம் 8 வந்தால்தான் பழைய அடையாளம். வராவிட்டால், பூர்வீகம் உறுதியில்லாத வண்டி என்பதைக் காட்டும் ‘கியூ’ நம்பர் கிடைக்கும்.

இதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. நம் ஊரில் பலரும் ‘இன்ஜின் ஒரிஜினலா?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்த முறையில் வண்டியின் உயிர் சேசிஸில் இருக்கிறது. இன்ஜின் கடைசி வரிசையில்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

* சேசிஸ் எண்ணைப் பாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொடுப்பது போலவே, எண் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுங்கள். எழுத்து வரிசை கோணலாக இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் தேய்ப்போ வெல்டிங்கோ தெரிந்தாலோ விலகிவிடுவது நல்லது.
* சேசிஸ், இன்ஜின் எண்கள் இரண்டும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எம்பரிவாகன் செயலியிலும் சரிபாருங்கள். பழைய வண்டிகளின் விவரம் கணினியில் ஏறவில்லை என்றால், விற்பவரே அதை ஏற்றித் தரும் வரை முழுப் பணம் கொடுக்க வேண்டாம்.
* இன்ஜின் மாற்றியிருந்தால் அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள்.
* அந்த மாடலை நன்றாகத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். விற்பவர் சொல்லும் மெக்கானிக்காக அவர் இருக்கக் கூடாது.
* நகல் என்று தெரிந்தே வாங்கினால், எந்த வண்டியின் சேசிஸ் மேல் கட்டியது என்பதை எழுத்தில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்கள். சொல்லாத மாற்றம் விபத்து நேரத்தில் கிளெய்முக்கு எதிராகத் திரும்பும்.

நகலை அசல் என்று பொய் சொல்லி விற்றால் அது மோசடி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவின் கீழ் புகார் கொடுக்கலாம். ஆனால் வண்டி நாலைந்து கை மாறிய பிறகு, முதலில் எண்ணை மாற்றியது யார் என்று நிரூபிப்பது லேசான வேலையில்லை. கடைசியாக வாங்கியவர் கையில்தான் வெடிக்கும்.

என்ன செய்யலாம்?

பட்டறைத் தொழிலாளியைத் திருடன் மாதிரி பார்ப்பதில் அர்த்தமில்லை. வெறும் தகரத்தைத் தட்டித் தட்டி ஒரு மட்கார்டின் வளைவைக் கொண்டுவரத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பெரிய ஆலைகளில் அந்த வேலையைப் பிரஸ் மிஷின் செய்துவிடுகிறது. பழைய வண்டிகளைப் பழுது பார்க்கவும், நல்ல நகலைச் செய்யவும் அந்தக் கைவேலைதான் வேண்டும்.

நகலுக்கு என்று ஒரு சிறு உற்பத்தி வகையை விதிகளில் சேர்த்தால் பாதிச் சிக்கல் தீரும். வருடத்துக்கு இத்தனை வண்டி என்ற வரம்பு, பிரேக்குக்கும் புகைக்கும் கட்டாயச் சோதனை, நகல் என்பதைக் காட்டும் தனிக் குறியீடு இருந்தால் போதும். சோதனைக்கு வெகுதூரம் போகவும் வேண்டாம். அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் ஒரகடத்திலேயே இருக்கிறது. பெரிய கம்பெனி கார்களுக்காகக் கட்டிய சோதனைத் தடத்தில், சிறு பட்டறையின் வண்டியும் குறைந்த கட்டணத்தில் ஓடிக்காட்ட வழி செய்யலாம்.

அதே நேரம், கடைசல் போன வண்டியின் ஆர்.சி.யை முறையாக ரத்து செய்வதும் முக்கியம். காகிதம் மட்டும் உயிரோடு இருக்கும் வரை, அதற்குள் புகுந்துகொள்ள ஒரு வண்டி எங்காவது தயாராகிக்கொண்டுதான் இருக்கும்.

அதுவரை, ஆசைப்படுபவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பழைய தோற்றம் வேண்டும் என்றால் ஷோரூமிலேயே கிடைக்கிறது, வாரன்டியும் உண்டு. பழைய வண்டியே வேண்டும் என்றால், பேரம் பேசும் முன் சேசிஸ் எண்ணைப் படித்துவிடுங்கள்.